உள்கழனி உளுந்து

ஜனவரி 11, சனி

அம்மாவுடன் வாலாஜாபாத் போய் விதை உளுந்து எட்டு கிலோ வாங்கி வந்தோம். வேளாண் விரிவாக்க மையத்தில் இருந்த அக்கா விதையோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. இருந்தும் எங்கள் ஊர் நிறுத்தம் வருவதற்குள் பாதி படித்துவிட்டேன். ‘நெல் தரிசில் உளுந்து’ என்ற பக்கத்தை மட்டும் மூன்று தடவை.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். நெல் அறுவடைக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகு மாதிரி இருக்கும் பதத்தில் விதையைத் தெளிக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்து கிலோ. உழுது வரிசையாக விதைத்தால் எட்டு கிலோ போதும், வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர், செடிக்குச் செடி பத்து. எப்படி விதைத்தாலும் கடைசியில் ஒரு சதுர மீட்டரில் முப்பத்துமூன்று செடி நிற்க வேண்டும்.

நிலம் எங்களுடையது இல்லை. வெங்கடேசன் ஐயாவுடையது, அறுபது சென்ட். நெல் அவருக்கு. நெல்லுக்குப் பிறகு சும்மா கிடக்கிற மாசி, பங்குனியில் உளுந்து போட்டுக்கொள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். விளைச்சலில் வாரப் பங்கும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம், மண்ணுக்கு உரமானால் போதுமாம். பத்து வருஷமாக அவர் கழனியில் அம்மா நாற்று நட்டிருக்கிறாள், களை எடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒரு பிடி விதை தெளிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 12, ஞாயிறு

ஏன் உளுந்து என்றும் எழுத வேண்டும்.

ஒரகடம் பக்கத்தில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் அம்மாவைச் சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கேயே தங்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. அம்மா போனால் நான் டவுனில், பிள்ளையார்பாளையத்தில், பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டும், பத்தாம் வகுப்பும் அங்கேதான்.

போகாமல் இருக்க அம்மா ஒரு வழி யோசித்திருக்கிறாள். இட்லி மாவு. காலையில் கம்பெனி பஸ் ஏறுகிற வீடுகள் எங்கள் ஊரிலேயே இருபதுக்கு மேல். கிரைண்டர் இருக்கிறது, அரிசி கிடைத்துவிடும், உளுந்துதான் வாங்கி மாளாது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ வேண்டும். அறுபது சென்டில் நூற்றைம்பது கிலோ விளைந்தால் ஐந்து மாதம் ஓட்டலாம், அதற்குள் வியாபாரம் தன் காலில் நின்றுவிடும் என்கிறாள். ஹாஸ்டல்காரரிடம் “உளுந்து எடுத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்பா திருப்பூர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி இந்த நோட்டில் இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி. சயின்ஸ் டீச்சரிடம் கேட்டு லேபில் இருக்கும் தராசில் நூறு உளுந்தை எடை போட்டேன். பக்கத்து பெஞ்ச் தேவிப்ரியாதான் எண்ணிக் கொடுத்தாள். தொண்ணூற்றெட்டில் தும்மினாள், மறுபடியும் ஒன்றிலிருந்து. “சுகாசினி, நீ டாக்டர்தான்டி. உளுந்து டாக்டர்” என்றாள்.

நூறு விதை நாலரை கிராம். அறுபது சென்டுக்கு ஆறு கிலோ. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு ஐம்பத்தைந்து விதை விழும். முப்பத்துமூன்று செடி நிற்க அது தாராளம். புத்தகம் சரியாகத்தான் சொல்கிறது!

சாயங்காலம் அம்மாவோடு வாக்குவாதம். எட்டு கிலோவையும் தெளிக்க வேண்டும் என்றாள். நெருக்கமாக விழுந்தால் செடிக்குச் செடி அடித்துக்கொள்ளும், காய் பிடிக்காது என்று பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

“புறா தின்றதுக்கு?”

“அதுக்கும் சேர்த்துத்தான்மா இருபத்திரண்டு விதை அதிகம்.”

“புறாகிட்ட சொல்லிட்டியா, இருபத்திரண்டு தான்னு?”

சிரித்துவிட்டோம். ஆறு கிலோ என்று முடிவாயிற்று.

வெங்கடேசன் ஐயா தை பதினேழு, அதாவது முப்பதாம் தேதி, இந்த வருஷம் மெஷின் அறுப்பு என்று சொல்லியிருக்கிறார். நாளைக்குத் தெளித்தால் ஒன்பது நாள். அம்மா, “மெஷினைக் கண்ணால பார்த்துட்டுத் தெளிக்கலாமா?” என்று கேட்டாள். அதற்குள் ஈரம் போய்விடும், புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது என்றேன். சரி என்றாள்.

கஞ்சி காய்ச்சி ஆறவைத்து, நுண்ணுயிர் உரம் கலந்து விதையில் பிசறியாயிற்று. எங்கள் முறத்தில் அது கரும்பச்சையாகப் பளபளக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

தெளித்தாயிற்று!

பள்ளி விட்டதும் நேராகக் கழனிக்கு ஓடினேன். அரைக்கிலோ பிடிக்கிற டப்பாவால் அளந்து கொடுத்தேன், ஐந்து சென்டுக்கு ஒரு டப்பா, மொத்தம் பன்னிரண்டு. எல்லை தெரிய வரப்பில் குச்சி நட்டுத் துணி கட்டியிருந்தேன். அம்மா இடுப்பளவு நெல்லுக்குள் போய், கதிர் ஒடியாமல் பக்கவாட்டில் நடந்து, விரலை விரித்து வீசினாள். விதை நெல்தாளில் பட்டு உள்ளே இறங்குகிற சத்தம் தூறல் மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது டப்பா கடைசிக் குச்சியிலேயே சரியாக முடிந்தது. ஒரு கைப்பிடி கூட மிச்சமில்லை, போதாமலும் இல்லை. அம்மாவின் கையில் தராசு இருக்கிறதோ!

வரும்போது அம்மா பாடிக்கொண்டே வந்தாள். நடவுப் பாட்டு. தெளிக்கிறதுக்குப் பாட்டு கிடையாதாம்.

ஜனவரி 25, சனி

முளைத்துவிட்டது. நெல்லை விலக்கிப் பார்த்தால் அடியில் முழுக்க இரண்டு இரண்டு இலை. எண்ணினேன், சணல் கயிற்றில் ஒரு சதுர மீட்டர் கட்டி. ஐம்பத்தொன்று.

ஜனவரி 30, வியாழன்

மெஷின் வரவில்லை.

பள்ளி விட்டு வந்தபோது அம்மா வரப்பிலேயே நின்றிருந்தாள். வெங்கடேசன் ஐயா போனைக் கொடுக்க, மெஷின் அனுப்புகிற முத்துக்குமாரிடம் அம்மாவே பேசினாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“அக்கா, ரோட்லேருந்து உங்க கழனிக்கு எப்படி வர்றது?”

“வரப்பு மேல தான், நாங்க தெனம் நடக்கறோமே.”

“நீங்க நடப்பீங்க. மெஷின் இன்னா ஹெலிகாப்டரா, மேலேருந்து எறக்க? முன்னாடி முனுசாமி கழனி நிக்குதே, அது அறுத்தா தான் உள்கழனிக்கு வழி. அவுரு பயிரு இன்னும் பச்சையா இருக்குது. ரெண்டு வாரம் ஆவும்.”

ரோட்டுக்கும் எங்கள் உளுந்துக்கும் நடுவில் இருப்பது முனுசாமி கழனி. ஒரு பக்கம் வாய்க்கால், மற்ற பக்கம் எல்லாம் கரும்பு. வேறு வழியே கிடையாது. அவர் பதினைந்து நாள் பிந்தி நட்டார். அதை அம்மா பார்த்திருக்கிறாள், ஏனென்றால் அந்த நடவுக்கும் அம்மாதான் போனாள்!

போன வருஷம் வரை அந்த இடத்தைக் கையால்தான் அறுத்தார்கள். கை அறுப்புக்கு உள்கழனி வெளிக்கழனி எல்லாம் ஒன்று. அதனால் அம்மாவுக்குத் தோன்றவில்லை. வெங்கடேசன் ஐயாவுக்கும், தன் நெல் முற்றுகிற நாள் மட்டும்தான் மனதில் இருந்திருக்கிறது. எனக்கோ புத்தகம் இருந்தது. புத்தகத்தில் வழி இல்லை.

கண்ணால பார்த்துட்டுத் தெளிக்கலாமான்னு அம்மா கேட்டாங்களே. நான் தானே வேணாம்னேன். நான் தானே.

பிப்ரவரி 1, சனி

முனுசாமி வீட்டுக்குப் போனோம். ஓரமாக மெஷின் போகிற அகலம் மட்டும் முன்னாடியே அறுத்து வழி விட முடியுமா என்று அம்மா கேட்டாள். அந்த நெல்லை நாங்களே கையால் அறுத்துக் கட்டித் தருகிறோம் என்றும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “கதிர்ல பால் இப்ப தான் இறுகிக்கினு இருக்குது அஞ்சலை. நீயே நட்ட பயிரு. நீயே சொல்லு, அறுக்கலாமா?” என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். அறுக்கக் கூடாதுதான். திரும்பி வரும்போது, “கேட்டிருக்கவே கூடாது” என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்கேலால் அளந்தேன். பதினோரு சென்டிமீட்டர். இந்த வயசுக்கு இவ்வளவு உயரம் கூடாது. தண்டு வெளுத்துப்போய், நூல் மாதிரி, வெளிச்சத்தைத் தேடி நெல்லுக்குள் எக்குகிறது. உயர உயர மெஷின் கத்திக்குக் கிட்ட வருகிறது. வளராதே என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 5, புதன்

அம்மா வெங்கடேசன் ஐயாவிடம் முழுக் கழனியையும் கையால் அறுத்துத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். கூலி வேண்டாம் என்றும்.

அவர் சொன்னதை அம்மா அப்படியே திருப்பிச் சொன்னாள்: “அறுத்துப் போட்டா போதுமாம்மா? கட்டு கட்டணும், ரோட்டுக்குத் தூக்கணும், அடிக்கணும். ஆளு எங்க? நீ ஒருத்தி ஒரு மாசம் அறுப்பியா? அதுக்குள்ள என் நெல்லு கொட்டிடும்.”

ஆனால் வாய்க்கால் ஓரம் பதினைந்து சென்ட் தாழ்வான சேற்றுப் பூமி. அங்கே மெஷின் இறங்கினால் புதையும், எப்படியும் கை அறுப்புதான். அதைச் சனி ஞாயிறில் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்.

அறுபதில் பதினைந்து.

பிப்ரவரி 8, சனி

அம்மா, எதிர்வீட்டுக் குப்பம்மா அக்கா, நான். வேறு யாரும் கிடைக்கவில்லை. பாதிப் பேர் நூறு நாள் வேலை, மீதிப் பேர் கம்பெனி.

எனக்கு அரிவாள் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. உளுந்தை மிதிக்காமல் கால் வைக்க வேண்டும், உளுந்தை வெட்டாமல் நெல்லை அறுக்க வேண்டும். பத்தாவது பிடியிலேயே இடது சுண்டுவிரல்.

“ரத்தம் வந்தா தான் பயிரு உன்ன நம்பும்” என்றாள் குப்பம்மா அக்கா. பிறகு அவளே புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். “படிக்கிற பொண்ணு கையிடி. பேனா புடிக்கற விரலா பார்த்து வெட்டிக்கினியா?”

“சுண்டுவிரலால யாருக்கா எழுதுவாங்க?”

“எனக்கு இன்னா தெரியும். நான் எந்த விரலாலயும் எழுதலியே.”

பிப்ரவரி 9, ஞாயிறு

முடித்துவிட்டோம். கட்டுகளைத் தலையில் வைத்து, முனுசாமி வரப்பு வழியாக ரோட்டுக்கு. தார்ப்பாய் விரித்து அங்கேயே அடித்தோம். உடம்பு முழுக்க நெல் சுணை, ஒரே அரிப்பு. எழுத முடியவில்லை. பதினைந்து சென்ட், மூன்று பேர், இரண்டு நாள்.

பிப்ரவரி 12, புதன்

கை அறுத்த இடத்தில் மூன்று நாள் வெயில் பட்டதும் செடி நிறம் மாறிவிட்டது! முதல் நாள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. இன்று நிமிர்ந்து மூன்றாவது இலை விட்டிருக்கின்றன. எண்ணினேன், முப்பத்தைந்து, முப்பத்திரண்டு, முப்பத்தாறு. புத்தகத்தில் இருக்கிற படம் மாதிரியே.

பக்கத்திலேயே, ஒரு அடி தள்ளி, நெல்லுக்கு உள்ளே அதே விதை, அதே நாள், அதே கை தெளித்தது – பத்தொன்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளுத்து நிற்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

மெஷின் வந்தது.

மதியச் சாப்பாட்டு மணியில், அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தேவிப்ரியாவின் அண்ணன் ரோட்டில் மெஷின் போவதைப் பார்த்தேன் என்றார். டீச்சரிடம் வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போகும்போது முனுசாமி கழனி முடிந்து எங்கள் வரப்பை இடித்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. செயின் வண்டி. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் என் உயரத்துக்குப் பாதி இரும்புப் பட்டை.

அம்மா டிரைவரிடம் போய், “தம்பி, கீழ உளுந்து இருக்குது, கத்திய கொஞ்சம் தூக்கி ஓட்டுப்பா. மூலையில திருப்பாதப்பா” என்றாள். அவர் நல்லவர்தான். இறங்கி நெல்லை விலக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார். “அக்கா, பத்து நாள் முன்னாடி வந்திருந்தா இது ஒண்ணுமே ஆகியிருக்காது. சின்னதா இருந்தா மிதிச்சாலும் எழுந்துக்கும். இப்ப இது ஒடியற வயசு” என்றார். கத்தியைத் தூக்கித்தான் ஓட்டினார். இரண்டு சுற்று. பிறகு வெங்கடேசன் ஐயா வரப்பிலிருந்து, “இன்னாப்பா, தாள் இவ்ளோ நீளமா நிக்குது? பாதி வைக்கோல் கழனிலயே போச்சு” என்று சத்தம் போட்டார். கத்தி இறங்கியது.

அவர் நெல், அவர் வைக்கோல், அவர் கழனி. என்ன சொல்ல முடியும்? 

அம்மா வரப்புலயே நின்னாங்க. நானும் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். மெஷின் ஒவ்வொரு தரம் திரும்பும்போதும் அம்மா கை என் தோளை இறுக்கிச்சு. வலிச்சது. வலிக்குதுன்னு சொல்லல. முக்கா மணி நேரம். நாப்பத்தஞ்சு சென்ட்டு. முக்கா மணி நேரம் தான்.

பிப்ரவரி 15, சனி

வைக்கோல் மெஷின் தள்ளிய வரிசையிலேயே மலை மாதிரி கிடக்கிறது. அதற்கடியில் பிழைத்த செடிகள் மூச்சு முட்டுகின்றன. நாளைக்கு வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற டிராக்டர் வருமாம். அதுவும் உள்ளே இறங்கினால் மிச்சமும் போய்விடும். அம்மாவும் நானும் காலையிலிருந்து வைக்கோலை வாரி வாரி முனுசாமி கழனிக்கு மாற்றினோம். வெங்கடேசன் ஐயா, “ரோட்டுப் பக்கம் கொண்டு வந்து போட்டா எனக்கும் நல்லது தான்” என்றார். பார்த்துவிட்டுப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத் தானே துண்டைக் கட்டிக்கொண்டு வந்து அள்ளினார். 

பிப்ரவரி 17, திங்கள்

எண்ணிக்கை. இருபது இடத்தில் கயிறு போட்டேன்.

கை அறுத்த இடம்: 34.
மெஷின் ஓடிய இடம்: 9. செயின் தடத்தில்: 0.

எட்டு கிலோ தெளித்திருந்தால்? விதை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். அப்போதும் பன்னிரண்டுதான். ஆறுக்கும் எட்டுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் இல்லை. கணக்குப்படி அந்தத் தப்பு என்னுடையது இல்லை. தேதிதான் என்னுடையது. இரண்டையும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மிச்சமிருந்த இரண்டு கிலோவை அம்மா எடுத்து வைத்தாள். “கெடந்து அழுவறதுக்குப் பதிலா ஊணலாம் வா.”

குச்சியால் குத்தி, குழிக்கு இரண்டு விதை. வரிசைக்கு முப்பது, செடிக்குப் பத்து என்றேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டு குனிந்ததும் அம்மா சிரித்தாள், நான்கு நாளில் முதல் தடவை. கையைச் சாணாக விரித்து என் ஸ்கேல் மேல் வைத்தாள். இருபது சென்டிமீட்டர். “ஒண்ணரை சாண் முப்பதா? நாலு விரலும் கட்டை விரலும் வச்சா பத்தா? அப்புறம் ஸ்கேல் எதுக்குடி, அது பாட்டுக்குப் பையில தூங்கட்டும்.”

நான் ஸ்கேலோடு ஒரு வரிசை முடிப்பதற்குள் அம்மா நான்கு முடித்தாள். போய் அளந்து பார்த்தேன். முப்பது, முப்பத்தொன்று, முப்பது.

ஆனால் மண் இறுகிவிட்டது. குச்சி இறங்க மறுக்கிறது. வாய்க்காலில் தேங்கிய தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து குழிக்குழியாக ஊற்றுகிறோம்.

பிப்ரவரி 22, சனி

ஐந்து நாள் சாயங்காலம். இருபது சென்ட் ஊன்றியாயிற்று. வாய்க்காலும் வற்றிவிட்டது. குடம் அடியில் சேறு.

மார்ச் 2, ஞாயிறு

ஊன்றியதில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்ததையும் புறா.

மார்ச் 9, ஞாயிறு

கை அறுத்த பதினைந்து சென்டில் மஞ்சள் பூ. அங்கே போய் நின்றால் வேறு யாருடைய கழனியோ போல இருக்கிறது. அம்மா அந்தப் பக்கம்தான் முதலில் போவாள் என்று நினைப்பேன், போவதில்லை. சொட்டை விழுந்த பக்கத்திலேயே களை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

ஹாஸ்டல்காரர் போன். “உளுந்து எடுத்துட்டீங்களா?” அம்மா, “இன்னும் காய் முத்தலைங்க” என்றாள். போனை வைத்துவிட்டு, காய் முற்றுகிற வேகத்தைக் குறைக்க ஏதாவது புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். கேலிதான். நான்தான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

செடி பிடுங்கினோம். நாளை மறுநாளிலிருந்து முழுப் பரீட்சை. கணக்குப் புத்தகத்தை வரப்பில் வைத்துவிட்டுப் பிடுங்கினேன். குப்பம்மா அக்கா கூப்பிடாமலே வந்தாள்.

ஏப்ரல் 12, சனி

அடித்து, தூற்றி, ரேஷன் கடைத் தராசில் எடை போட்டோம். ஐம்பத்திரண்டு கிலோ. பதினைந்து சென்டில் மட்டும் முப்பத்தாறு. மற்ற நாற்பத்தைந்து சென்டும் சேர்ந்து பதினாறு.

அம்மா முதலில் எட்டு கிலோவைத் தனியாக அளந்து எடுத்தாள். விதைக்கு. நான் ஆறு என்று சொல்லவில்லை.

மீதி நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு நாள் மாவு. அதை வைத்துத் தொடங்கிவிடலாம், பிறகு எப்படியாவது வாங்கிக்கொள்ளலாம் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும்.

“நாப்பத்தி நாலு நாள் விக்கறேன். நாப்பத்தஞ்சாவது நாள் காலைல டப்பா எடுத்துகினு வந்து நிப்பாங்களே, அவங்களுக்கு இன்னா சொல்றது?”

 அப்போதுதான் சொன்னேன். தேதி என்னாலதான்மா தப்பாப்போச்சு, நீங்க மெஷினைப் பார்த்துட்டுத் தெளிக்கலாம்னு சொன்னீங்க, நான் தான் கேக்கல.

அம்மா உளுந்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். “நான் அந்த முனுசாமி கழனில முழங்கால் சேத்துல நின்னு நட்டேன். எனக்கே தோணல. உனக்கு எப்படித் தோணும்?” என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, தன்னையே திட்டிக்கொண்டாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மா ஹாஸ்டலுக்குப் போன் செய்து வருகிறேன் என்றாள்.

ஜூன் 2, திங்கள்

புதுப் பள்ளி. யாரையும் தெரியாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பெரியம்மா வீட்டில் ஒரே அறை, பாதிக்குப் பாதி தறி. பெரியப்பா நெய்கிறார், பெரியம்மா தார்க் குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். நான் தறிக்குப் பின்னால், பரணுக்குக் கீழே. பரணில் பட்டு நூல் பெட்டிகளுக்கு நடுவில் எங்கள் எட்டு கிலோ இருக்கிறது, அம்மா சாம்பல் கலந்து கட்டிக் கொடுத்தது. மீதியில் பாதியை விற்றுவிட்டாள். பாதியை இங்கே கொடுத்தாள், நான் சாப்பிடுவதற்கு.

பெரியம்மா நல்லவள். “இன்னாடி எழுதிகினே இருக்கற, தறிப் பாவு நீளத்துக்கு?” என்று மட்டும் கேட்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா வந்தாள். நூற்றுப்பத்து பேருக்குச் சமையல். கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். நான்கு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவால் வர முடியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா வந்தாள். நாங்கள் உளுந்தைப் பற்றிப் பேசவில்லை. பரணைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மா போன், இரவுச் சமையலுக்கு முன்னால். பின்னால் பாத்திரச் சத்தம். “காலாண்டு மார்க் இன்னா?” சொன்னேன். “சாப்டியா?” சொன்னேன். பிறகு, “முனுசாமி நட்டுட்டாரா?” என்றாள்.

வெங்கடேசன் ஐயா நட்டாரா என்று கேட்கவில்லை.

தெரியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரச் சொன்னாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பஸ் பிடித்துப் போய் வந்தேன். எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. குப்பம்மா அக்கா கஞ்சி கொடுத்தாள்.

வெங்கடேசன் ஐயா கழனி நட்டுப் பன்னிரண்டு நாள், பச்சை பிடித்துவிட்டது. முனுசாமி இன்றுதான் சேற்றைச் சமப்படுத்தப் பரம்புப் பலகை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “இன்னாம்மா சுகாசினி, டவுன்ல உளுந்து வெளையுதா?” என்றார். எப்போது நடுவீர்கள் என்று கேட்டேன். “நாத்து வரணும். ஆளு வரணும். உங்க அம்மா மாதிரி நடவு ஆளு இப்ப யாரு இருக்கா? ஒரு வாரம் ஆவும்.”

பன்னிரண்டும் ஏழும் பத்தொன்பது நாள். போன தடவையை விட நான்கு நாள் அதிகம்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.  “மறுபடியும் உள்ளயே மாட்டிக்குவோம்” என்றாள். பிறகு, “வெங்கடேசன் அண்ணன்கிட்ட போன்ல பேசிட்டேன், சுகா. இந்தத் தடவ அறுபது சென்ட்டும் நாங்களே கையால அறுத்துக்கறோம்னு. இப்பவே கேட்டாச்சு.”

“இன்னா சொன்னாரு?”

“ஆளு இருந்தா பார்க்கலாம்னாரு. இங்கயும் தையில பத்து நாள் லீவு கேட்டிருக்கேன்.”

“குடுப்பாங்களாம்மா?”

“பார்க்கலாம்னாங்க.”

இரண்டு பார்க்கலாம்.

தறிக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினைந்து சென்டுக்கு மூன்று பேர், இரண்டு நாள், ஆறு ஆள் வேலை. அறுபது சென்டுக்கு இருபத்து நான்கு. அம்மா பத்து நாள், நான் பள்ளிக்குப் போகாமல் பத்து நாள் (பத்தாம் வகுப்பில் விட மாட்டார்கள், இருந்தாலும்). இருபது. குப்பம்மா அக்கா இப்போது கம்பெனி கேன்டீனுக்குப் போகிறாள், அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நான்கு குறைகிறது. பெரியம்மாவுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியுமா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.